எக்ஸ்எல் பூண்டு

மே முடிந்தது.
ஏழு ரோட்டில் வேன்கள் குறைந்து
குதிரைக்காரர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிய வாரம்
கடையில் கணக்கெடுத்தேன்.
விற்ற ஸ்வெட்டர் எண்ணூறு.
விற்காமல், யாரும் கேட்காமல்
பின்னறையில் ஒன்றோடொன்று கொக்கி கோத்துக்கொண்டு
ஹேங்கர் எண்ணூறு.

வருகிறவர்களின் தண்ணீர் பாட்டிலைச்
சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்கிறார்கள்.
ஹேங்கரை யார் தடுத்தார்கள்?
லூதியானாவிலிருந்து கம்பளிக்குள்
தோள்போல ஒளிந்துகொண்டு
வளைவு வளைவாக ஏறி வந்துவிட்டது.
வந்தது இறங்கவில்லை.

"டிரம்முல போட்டுக் கொளுத்திரு ஜெசிந்தா"
என்றார் ஹபிபுல்லா பாய்.
போன வருஷம் கொளுத்தியவள் நான்தான்.
கறுப்பு நூல் நூலாக எழுந்த புகை
எதிர்க் கடைப் பால் சட்டியில் போய் இறங்கியது.
மூன்று நாள் என் தலைமுடியோடு
தலையணை பேசவில்லை.

பழைய சாமான் கடைச் சூசை
ஒன்றை எடுத்து வளைத்தான். சடக்.
"கண்ணாடி ரகம் அக்கா. உருக்குறவன் வாங்க மாட்டான்.
வளையுற கறுப்பு இருந்தாக் குடு."
கறுப்பு அறுபது இருந்தது.
அது தந்த காசில்
கடைக்கு ஒரு துடைப்பம் வந்தது.

மீதி எழுநூற்று நாற்பது.

பூம்பாறை வேலப்பன் வந்தது
மகனுக்கு ஜெர்கின் பார்க்க.
விலை கேட்டார், வெளியே மழையைப் பார்த்தார்,
மறுபடி விலை கேட்டார்.
ஜெர்கினை உருவி என்னிடம் தந்துவிட்டுக்
கையில் மிஞ்சியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கொக்கியை விரலில் மாட்டி
அதன் இரண்டு தோளிலும்
இல்லாத எதையோ தொங்கவிட்டார்.
"இது மட்டும் எவ்வளவு?"

பூண்டை தாளோடு பிடுங்கி, முடி போட்டு,
கழியில் நெருக்கிக் கட்டுவார்கள்.
மழைக்காலத்தில் ஒன்று அழுகினால்
பக்கத்தில் இருப்பதற்கும் சொல்லிக்கொடுத்துவிடும்.
ஹேங்கர் என்றால் முடிக்கு முடி இடம் விடலாம்.
நடுவில் காற்று நடக்கலாம்.

இரண்டு சாக்கு கட்டிக் கொடுத்தேன், இனாமாக.
"போயிடுச்சு பாய்" என்றேன்.
எங்கே என்று அவர் கேட்கவில்லை.
குப்பையிடம் முகவரி கேட்கிற வழக்கம்
நம்மில் யாருக்கு இருக்கிறது?

எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை.
அடுப்புக்கு நேர் மேலே மாட்டியவை
தோள் சரிந்து உருகின.
பாரம் தாங்காமல் முப்பது முறிந்தன, ராத்திரியில்,
வீட்டில் யாரோ நடக்கிறார்கள் என்று
நாய் விடியும்வரை குரைத்ததாம்.
பிறகு பரணுக்கு மாற்றி,
தோளுக்கு ஒரு முடி என்று அளந்துகொண்டார்.

வடுகபட்டிச் சந்தைக்கு
ஹேங்கரோடே கொண்டுபோயிருக்கிறார் ஒரு நாள்.
கழுத்தில் அளவு வளையம் கழற்றாமல் இருந்தது.
"எக்ஸ்எல்னா பெரும்பல்லா?" என்றாராம் தரகர்.
"ஆமா."
கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட.
எம் என்று போட்டதில் தொங்கியதும்
அதே பாத்திப் பூண்டுதான் என்று சொல்லி
கடை வாசலில் நின்று இருமும்வரை சிரித்தார்.

ஐப்பசியில் புதுச் சரக்கு
வெறும் கவரில் வந்து இறங்கியது.
கம்பெனி ஹேங்கர் தருவதை நிறுத்திவிட்டது.
"அந்தப் பழசெல்லாம் எங்க?" என்றார் பாய்.
நான் கூரையைப் பார்த்தேன்.
மறுநாள் முதல் பஸ்ஸில் இருநூறு வந்தது,
சோப்புப் போட்டுக் கழுவி, வெயில் காட்டி.
வாசம் மட்டும் அப்படியே வந்தது.

அன்று மாலை ஒரு பெண்
நீல ஸ்வெட்டரை மூக்கருகே கொண்டுபோய்
என்னைப் பார்த்தாள்.
நான் கண்ணாடிக்கு வெளியே மூட்டத்தைப் பார்த்தேன்.
பாய் கல்லாப் பெட்டிக்குள் பார்த்தார்.
"பூண்டு" என்றேன், வேறு வழியில்லாமல்.
"பூம்பாறைப் பூண்டு. அலமாரியில மாட்டுங்க,
பூச்சி அண்டாது."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அப்ப ஹேங்கரோட குடுங்க."

கவர் போடவில்லை.
தோளோடு தோளாக மடித்துத் துணிப்பையில் வைத்தேன்.
கொக்கி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு
எதையோ எட்டிப் பார்த்தபடி போனது.
கீழே சாவடியில் எதைக் கேட்டிருப்பார்கள், தெரியாது.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
பாய்க்குத் தெரியாமல் எழுதி வைத்தேன்:
இறங்கியது, ஒன்று.